முத்தம்மா என்ற ஒன்பது கேள்விக்குறி

நான் ஓய்வு பெற்ற அன்று, எனக்குத் தெரிந்ததையெல்லாம் அடுத்தவர்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டேன் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் வெளியே விட்டார்கள். திருவனந்தபுரம் கழக்கூட்டத்து கம்ப்யூட்டர் ஆபீஸ்களில் அது ஒரு சடங்கு. சால்வை, கேக், கையெழுத்து. நானும் போட்டேன். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை, நானும் எதுவும் சொல்லவில்லை. அந்தத் தாள் இன்னும் எங்கோ பத்திரமாக இருக்கும்.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, குக்கர் வைத்துவிட்டுக் கரமனை வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது அஞ்சனாவின் போன் வந்தது. என் பழைய டீமில் இப்போது இருக்கும் பெண். அப்பாவுக்கு ஆரியசாலையில் மொத்த மளிகைக் கடை. வீட்டில் தமிழ், படித்தது எல்லாம் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும்.

“மேடம், ஒரு டௌட்டு. அந்தப் பொன்முடி எஸ்டேட் ஹவுசிங் டேட்டாவை, பட்டா கொடுக்கறதுக்காக, புது சிஸ்டத்துக்கு மாத்தறோம். தமிழ்ப் பேரு வர்ற இடத்துல ஃபுல்லும் கொஸ்டின் மார்க்கு. ஜங்க்குன்னு டிலீட் பண்ணச் சொல்லி மெயில் வந்தாச்சு. ஆனா சிலதுல கடைசில ஒரு டாட், சிலதுல ரெண்டு டாட். ஆரோ வேணும்னே வெச்ச மாதிரி இருக்கு கேட்டோ.”

எழுந்து போய் குக்கரை அணைத்தேன்.

“தொடாதேடி. ஒண்ணையும் தொடாதே. அது ஜங்க் இல்லே, மனுஷா. ஒவ்வொண்ணும் ஒரு வீடு. நீ அழிச்சா பட்டா வராது அவாளுக்கு.”

“மனுஷாளா?” என்றாள். பிறகு, “அப்ப நீங்க ஆபீஸ் வரேளா மேடம்?” என்று கேட்டாள். என்னிடம் பேசும்போது மட்டும் அவளுக்கு எங்கள் அக்ரஹாரத் தெருப் பேச்சு தொற்றிக்கொள்ளும்.

போனேன். எல்லாவற்றையும் எழுதித் தரச் சொன்னார்கள். எழுத ஆரம்பித்தது இப்படி நீண்டுவிட்டது.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கணிதத்தில் பட்டம், ஒரு கம்ப்யூட்டர் டிப்ளமோ, பிறகு குளிரூட்டிய அறையில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகும் வேலை. அந்தக் காலத்தில் எல்லோருடைய பெயரும் ஆங்கிலப் பெரிய எழுத்தில்தான் இருக்கும். குறைந்தபட்சம் எல்லா மெஷினும் ஒரே மாதிரி படிக்கும். தாய்மொழியில் பெயர் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை, அதனால் யாருக்கும் பிரச்சனையும் இல்லை. நிம்மதியாகக் காலம் போயிற்று.

பிறகு தாய்மொழிக்கு மரியாதை வந்தது. பிரச்சனை அங்கேதான் ஆரம்பம்.

பொன்முடிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட். லயங்களில் இருந்த தொழிலாளர் குடும்பங்களுக்கு மலைக்குக் கீழே அடுக்குமாடி வீடு கட்டிக் கொடுக்கும் திட்டம். லயம் என்றால் வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறைகள். கூரை ஒழுகும், அடுத்த அறையில் தும்மினால் இங்கே கேட்கும். வீடு கிடைத்தவர்கள் இறங்கலாம், கிடைக்காதவர்கள் லயத்தைக் காலி செய்துவிட்டு எங்கேயாவது போகலாம். விண்ணப்பங்களைப் பதிய ஒரு புரோகிராம் எழுதும் வேலை எங்கள் கம்பெனிக்கு வந்தது.

மேலிடத்து உத்தரவு ஒன்று கூடவே வந்தது. எஸ்டேட்டில் எல்லோரும் தமிழர்கள், ஆகவே பெயரைத் தமிழிலும் பதிய வேண்டும். ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள், ஆகவே தமிழ்ப் பெயரே உண்மையான பெயர், ஆங்கிலம் வெறும் வசதிக்கு. ஒரு லயத்தில் ஒரே தமிழ்ப் பெயர் இரண்டு முறை வந்தால் ஒரே ஆள் இரண்டு வீடு கேட்கிறார் என்று பொருள், தள்ளிவிட வேண்டும். ஒரே லயத்தில் ஒரே பெயரில் இரண்டு பேர் இல்லை என்று எஸ்டேட்டே எழுதிக் கொடுத்திருந்தது. படிக்க எவ்வளவு அழகாக இருக்கிறது பாருங்கள்.

மலையில் இன்டர்நெட் எப்போது வரும், எப்போது போகும் என்று மேகத்தைத்தான் கேட்க வேண்டும். அதனால் பளபளப்பெல்லாம் இல்லாமல், கறுப்பு ஜன்னலில் கேள்வி கேட்டு, தட்டச்சு செய்ததை வாங்கி வைத்துக்கொள்ளும் எளிய புரோகிராம். கன்சோல் என்போம். பெயர் என்ன, லயம் எது, எத்தனை பேர். அவ்வளவுதான்.

எங்கள் மேனேஜர் வேணு சார். அவரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நாம் பேசும்போது கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். முடித்ததும் கண்ணைத் திறந்து, “அப்போ ஸ்டேட்டஸ் எந்தா?” என்பார், நிலைமை என்ன என்று. இவ்வளவு நேரம் நாம் சொன்னதே அதுதான். மீட்டிங் குறிப்பில், புரோகிராமில் உள்ள பிழையைச் சொல்லும் ‘பக்’ என்ற வார்த்தை வரக் கூடாது. “லலிதே, பக் அல்ல. அப்சர்வேஷன். அத்ரயே உள்ளு” என்பார். கண்ணில் பட்ட ஒரு விஷயம், அவ்வளவுதானாம். அப்சர்வேஷனுக்கு இரண்டு கதிதான் உண்டு, திறந்திருக்கும் அல்லது மூடப்படும். சரியாகும் என்பது அதில் இல்லை. ஆனால் என் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது, நான் கேட்காமலே லீவைப் பதிந்துவிட்டு, வாசலில் காரோடு நின்றதும் அதே ஆள். அவர்மேல் எனக்குக் கோபம் உண்டு, பிரியமும் உண்டு. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் வேலை பார்த்தேன்.

புரோகிராமை அவர்தான் அதிகாரிகளுக்குக் காட்டினார், தன்னுடைய மேக் மெஷினில். மலையாளத்தில் ‘வேணு’ என்று தட்டினார், ‘வேணு’ என்றே வந்தது. கைதட்டினார்கள். என் மேஜையில் இருந்த லினக்ஸிலும் வந்தது. இந்த இரண்டிலும் கறுப்பு ஜன்னல் யூடிஎஃப்-8 என்ற ஒரே முறையில்தான் எழுத்தைப் பேசும். உலகத்து எழுத்தெல்லாம் அதில் அடங்கும். எஸ்டேட் ஆபீஸில் இருந்தது பழைய விண்டோஸ். அதில் யாரும் தமிழில் தட்டிப் பார்க்கவில்லை. எங்கள் ஆபீஸ் வழக்கம் அப்படி. பரிசோதனை என்றால் ‘டெஸ்ட்’ என்று ஆங்கிலத்தில் தட்டுவோம், இன்னொரு ஆள் வேண்டுமென்றால் ‘டெஸ்ட்2’. தாய்மொழிக்காகச் செய்த புரோகிராமை, தாய்மொழி தெரிந்த இத்தனை பேர் சேர்ந்து, ‘டெஸ்ட்’டும் ‘டெஸ்ட்2’வும் வீடு கேட்பதாக வைத்துத் தேர்ச்சி கொடுத்து அனுப்பினோம்.

சில மாதம் கழித்து, செல்லம்மா என்ற தொழிலாளிக்கு ஒரு நோட்டீஸ் போயிற்று என்று தெரிந்தது. ஏற்கெனவே வீடு ஒதுக்கப்பட்ட நிலையில், வேறு பெயர் சொல்லி இரண்டாவது வீடு பெற முயன்றதாகவும், ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்றும் மலையாளத்தில் கேட்டிருந்தார்கள். முதல் வீடு யாருக்கு என்று பார்த்தால் அதே லயத்தில் அடுத்த அறை முத்தம்மாவுக்கு. பட்டியலில் என் கண்ணில் பட்டது, இரண்டு பேருடைய தமிழ்ப் பெயர் இருக்க வேண்டிய இடத்திலும் கேள்விக்குறிகள்.

“ஃபாண்ட் இல்லாத்ததுகொண்டா லலிதே. நம்ம மெஷின்ல தமிழ் எழுத்து இல்ல, அதான் அப்படிக் காட்டறது” என்றார் வேணு சார், கண்ணைத் திறந்து.

இதைக் கேட்டு எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். எழுத்து வர வேண்டிய இடத்தில் காலிக் கட்டம் தெரிந்தால், எழுத்து உள்ளே இருக்கிறது, அதை வரைந்து காட்டத் தெரியவில்லை, அவ்வளவுதான். கேள்விக்குறி தெரிந்தால் பெரும்பாலும் எழுத்தே போய்விட்டது, அதன் இடத்தில் கேள்விக்குறிதான் நிஜமாகவே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. கட்டம் என்றால் ஆள் வீட்டுக்குள் இருக்கிறார், கதவு சாத்தியிருக்கிறது. கேள்விக்குறி என்றால் ஆளே இல்லை. டேட்டாவைத் தோண்டிப் பார்த்தேன். அத்தனையும் அசல் கேள்விக்குறி.

மலைக்குப் போக அனுமதி கேட்டேன். “அப்சர்வேஷனு வேண்டி பொன்முடி வரையா?” என்று ஆச்சரியப்பட்டார். சம்மதித்தார். அரசு பஸ்ஸில் வளைவு வளைவாக ஏறி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு எஸ்டேட் வாசலில் இறங்கினேன்.

எஸ்டேட் கிளார்க் தங்கராஜ், நாகர்கோவில்காரர், பயந்த மனிதர். எப்படிப் பதிகிறீர்கள் என்று காட்டச் சொன்னேன். செல்லம்மா என்று தட்டினார். கறுப்பு ஜன்னலில் வரிசையாகக் கட்டங்கள் வந்தன.

“கட்டமாத்தான் மேடம் வரும். எண்ணிப் பாத்துக்கிடுவேன். ஒம்போது வந்தா செல்லம்மா. முத்தம்மாவும் ஒம்போதுதான். ஒரே லயத்துல கட்டம் ஒண்ணுபோல வந்தா மெஷினு சம்மதிக்காது, ரெண்டாவது ஆளத் தள்ளிரும். அதுனால முன்னெல்லாம் ரெண்டாவது ஆளுக்குப் பேருக்குப் பின்னால ஒரு புள்ளி வச்சுக் குடுப்பேன். மூணாவது ஆளு வந்தா ரெண்டு புள்ளி. அப்ப ஏத்துக்கிடும்.”

நமக்குச் செல்லம்மா ஐந்தெழுத்து. கம்ப்யூட்டருக்குக் கொம்பு தனி, புள்ளி தனி, கால் தனி, மொத்தம் ஒன்பது. அந்த ஒன்பதும் ஜன்னலில் இருந்து எங்கள் புரோகிராமுக்குள் வரும் வழியில், விண்டோஸ் தன் பழைய எழுத்துப் பட்டியலைப் பார்க்கும். அதில் தமிழே கிடையாது. தெரியாத எழுத்துக்கு ஒன்றுக்கு ஒரு கேள்விக்குறி என்று மாற்றி உள்ளே அனுப்பும். ஆக எங்கள் புரோகிராமுக்கு ஆளின் நீளம் மட்டும்தான் தெரியும். ஒரே நீளம் என்றால் ஒரே ஆள்.

தங்கராஜ் இதைத் தன் வழியில் கண்டுபிடித்து, ஒரு லயத்து மனிதர்களையெல்லாம் புள்ளி வைத்துப் பிரித்து வைத்திருந்தார்.

“பின்னே செல்லம்மாவுக்கு ஏன் புள்ளி வைக்கலே?” என்று கேட்டேன்.

“பேருக்குப் பின்னால புள்ளி வைக்கக் கூடாது, டேட்டா குவாலிட்டி போவுதுன்னு உங்க ஆபீஸ்லேருந்துதான மெயில் வந்தது? அதுக்கப்புறம் புள்ளி வச்சா மெஷினு எடுக்க மாட்டேங்கு. வேற எதையாச்சும் வச்சா என் வேலைக்குல்லா வேட்டு.”

வேணு சாரின் மெயில்தான். அதிகாரிகளுக்குக் காட்டும்போது புள்ளி அசிங்கமாகத் தெரிகிறது என்று அவர் போட்ட விதி.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே செல்லம்மா வந்துவிட்டாள். கறுத்து மெலிந்த, அறுபதை ஒட்டிய பெண். கொழுந்து கிள்ளிக் கிள்ளி விரல் நுனியெல்லாம் கறை. நோட்டீஸை பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டு வந்திருந்தாள்.

“கம்ப்யூட்டர் அம்மா நீங்கதானா? நா ரெண்டு வீடு கேட்டேன்னு சொல்லுதாவளே, ஒரு வீட்டுக்கே நாதியத்துல்லா நிக்கேன். அந்த முத்தம்மா என் பேரச் சொல்லி வாங்கிட்டா. ஒரே சட்டில தின்னவ, இப்படிப் பண்ணுவாளா? போயி நல்லா நாலு வார்த்த கேட்டுட்டேன். இனி அவ மொகத்துலயே முழிக்க மாட்டேன்.”

முத்தம்மா ஒன்றும் செய்யவில்லை, தப்பு மெஷினில்தான் என்று சொன்னேன். “மெஷினு எதுக்குப் பொய் சொல்லுது? அதுக்கு என்ன வீடா வேணும்?” என்றாள்.

வேணு சாரைப் போனில் பிடித்தேன். இன்டர்நெட்டில் பார்த்து உடனே வழி சொன்னார். ஜன்னலின் எழுத்து முறையை யூடிஎஃப்-8க்கு மாற்ற ஒரே ஒரு கட்டளை. நான் சந்தேகத்தோடுதான் தட்டினேன். இப்போது செல்லம்மா என்று தங்கராஜ் தட்டியதும், ‘பெயரை உள்ளிடவும்’ என்று மெஷின் மறுபடி கேட்டது. மறுபடி தட்டினார். மறுபடி கேட்டது. அந்தப் பழைய ஜன்னல், தமிழ் எழுத்து ஒவ்வொன்றையும் சூனியமாக்கி அனுப்பியது. கேள்விக்குறிகூட மிஞ்சவில்லை.

செல்லம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “மொதல்ல திருடின்னு சொல்லிச்சு. இப்ப நான் ஆளே இல்லங்குதா?” என்றாள்.

சரியான வழி வேறு. விண்டோஸில் ஜன்னலிடம் இருந்து எழுத்தைப் பழைய வாசல் வழியாக வாங்கவே கூடாது. அது தனக்குள் வைத்திருக்கும் அகலமான யூனிகோட் வடிவத்தை அப்படியே நேரே கேட்டு வாங்கி, நாமே யூடிஎஃப்-8 ஆக மாற்றிக்கொள்ள வேண்டும். லினக்ஸிலும் மேக்கிலும் வந்ததை வந்தபடி எடுத்தால் போதும். அதற்கும் முன்னால் ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும், வருவது ஒரு மனிதர் விசைப்பலகையில் தட்டுவதா, ஏற்கெனவே உள்ள கோப்பில் இருந்து ஊற்றுவதா என்று. கோப்பாக இருந்தால் அகலமான வழி வேலை செய்யாது, பழைய வழியில்தான் படிக்க வேண்டும். ஆக வாசலிலேயே யார், எங்கிருந்து என்று விசாரிக்காமல் எதையும் உள்ளே விடக் கூடாது. எழுத ஒரு பக்கத்துக்கும் குறைவான நிரல்தான். அங்கேயே உட்கார்ந்து எழுதினேன்.

சாயங்காலத்துக்குள் செல்லம்மா பட்டியலில் ஏறினாள். ஜன்னலில் அதே கட்டங்கள்தான் தெரிந்தன. தங்கராஜுக்கு நம்பிக்கை வரவில்லை. சேமித்த கோப்பை வேறு இடத்தில் திறந்து காட்டினேன். செல்லம்மா என்று தமிழில் இருந்தது. அவளுக்குப் படிக்கத் தெரியும். விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். அழுதாள் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அவள் கேட்டது, “வீடு எப்ப கெடைக்கும்?”

கிடைத்தது. நோட்டீஸையும் விலக்கிக்கொண்டார்கள்.

ஆனால் அவளுக்கு முன்னால் பதிந்த அத்தனை பேரும் கேள்விக்குறியாகவே கிடந்தார்கள். தொலைந்த எழுத்தைத் திருப்பி வரவழைக்க முடியாது. எல்லோரையும் மறுபடி பதிய வேண்டும் என்று வேணு சாருக்கு எழுதிவிட்டு, நேரிலும் போய்ச் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டார். “வீடு கொடுத்தாச்சு, சாவி கொடுத்தாச்சு. இனி எந்தினா தோண்டறது? மறுபடி பதிஞ்சா முதல்ல பதிஞ்சது தப்புன்னு ஆகும்ல லலிதே?” என்றார். அப்சர்வேஷன் மூடப்பட்டது. இன்னொரு முறை எழுதினேன். ‘குறித்துக்கொண்டேன்’ என்று பதில் வந்தது. பிறகு அவர் ஓய்வு பெற்று மகனோடு கனடா போய்விட்டார். நல்ல மனிதர், அங்கேயாவது தோண்டாமல் இருக்கட்டும்.

இப்போது அஞ்சனாவின் போன். வீடுகளுக்குப் பட்டா கொடுக்கப் போகிறார்கள். புது சிஸ்டம் படு சுத்தம், எல்லாம் யூனிகோட், எல்லாம் யூடிஎஃப்-8. ஒரு எழுத்துகூட இல்லாத பெயர் என்றால் குப்பை என்று அதற்குத் தெரியும்.

அஞ்சனா அழிக்கவில்லை. ஆங்கிலப் பெயர்தான் பக்கத்திலேயே இருக்கிறதே, அதை வைத்துச் சரிசெய்யலாமே என்றாள். பழைய உத்தரவு இன்னும் உயிரோடு இருந்தது. தமிழே உண்மை, ஆங்கிலம் வசதிக்கு. ஆகவே நேரில் சரிபார்க்க வேண்டும், அதே லயத்தில் ஒழுங்கான பதிவு உள்ள ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும் என்றார்கள். முத்தம்மாவின் லயத்தில் ஒழுங்கான பதிவு உள்ளவர் ஒரே ஒருவர்தான். செல்லம்மா.

அடுக்குமாடியின் கீழே மேஜை போட்டு முகாம் நடந்தது. என்னை ‘ரிசோர்ஸ் பர்சன்’ என்று உட்கார வைத்து டீ கொடுத்தார்கள். இரண்டு பேரும் அடுத்தடுத்த வீட்டில்தான் இருக்கிறார்கள். அன்றைக்கு நின்ற பேச்சு நின்றதுதான் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்னார்கள். முத்தம்மா மேஜையருகே நின்றுகொண்டிருந்தாள். செல்லம்மா வரமாட்டாள் என்றுதான் நானும் நினைத்தேன். வந்தாள். முத்தம்மா பக்கம் திரும்பாமல் மேஜைக்கு முன்னால் நின்றாள்.

அதிகாரி நிதானமாகக் கேட்டார். “அம்மச்சி, இவங்க முத்தம்மாதான்னு நிங்ஙளுக்கு எங்ஙனெ தெரியும்? சரியா சொல்லணும். வீட்டோட காரியமாணு.”

செல்லம்மா இடுப்பில் இருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். அதே நோட்டீஸ்.

“நானும் இவளும் ஒரே ஆளுன்னு எழுதிக் குடுத்தது உங்க ஆபீஸுதான? நா நாந்தான்னு உங்க மெஷினு ஒத்துக்கிட்டுல்லா? அப்ப இவளும் இவதான். போடுங்க கையெழுத்த.”

அதிகாரி நோட்டீஸைப் படித்தார், என்னைப் பார்த்தார். நான் டீயைப் பார்த்தேன். அஞ்சனா ‘முத்தம்மா’ என்று தட்டினாள். ஒரு கட்டமும் இல்லாமல் திரையில் பளிச்சென்று வந்தது. அவர் கையெழுத்துப் போட்டார்.

முத்தம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, தயங்கித் தயங்கி, “வீட்டுக்கு வாட்டி. காப்பி போடுதேன்” என்றாள்.

செல்லம்மா நோட்டீஸை மறுபடி உறையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“வாரேன். ரெண்டு வீடு கேட்டேன்னு அன்னைக்குச் சொன்னாவல்ல. இப்பதாம்ட்டி கெடைச்சிருக்கு.”

இரண்டு பேரும் படியேறிப் போனார்கள்.